எதிர் நாற்காலி

உங்கள் கையில் ஒரு சீட்டைக் கொடுக்கிறார்கள். நாலைந்து வரிதான் இருக்கிறது.

‘நீங்கள் ஒரு ஷூ கடையின் உதவி மேலாளர். போன வாரம் வாங்கிய ஷூவின் அடிப்பாகம் பிய்ந்துவிட்டது என்று வாடிக்கையாளர் ஒருவர் கோபமாக வந்து நிற்கிறார். அவரிடம் பில் இல்லை. பில் இல்லாமல் பணத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது கடையின் விதி. அவரிடம் பேசுங்கள்.’

யோசிக்க 10 நிமிடம். பேச 10 நிமிடம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நடுவர்தான் அந்தக் கோபக்கார வாடிக்கையாளர்!

என்ன பேசுவீர்கள்?

விளையாட்டாக இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்காவில் ‘டெக்கா’ என்று ஒரு மாணவர் அமைப்பு இருக்கிறது. 1946-ல் தொடங்கியது. விற்பனை, விளம்பரம், நிதி, ஹோட்டல் நிர்வாகம் என்று பிரிவு பிரிவாக ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு இப்படித்தான் போட்டி வைக்கிறார்கள். நான் மேலே எழுதியது அந்த மாதிரியில் நானே எழுதிய ஒரு சீட்டு.

நம்ம ஊரிலும் இதற்குத் தம்பி, தங்கைகள் உண்டு. காமர்ஸ், பி.பி.ஏ., எம்.பி.ஏ. படிக்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கல்லூரி விழா என்றால் ‘பெஸ்ட் மேனேஜர்’ போட்டி இல்லாமல் இருக்காது. ‘உங்கள் தொழிற்சாலையில் திடீர் வேலைநிறுத்தம். பத்திரிகையாளர்கள் வாசலில் நிற்கிறார்கள். பேசு’ என்பார்கள். அகில இந்திய மேலாண்மை சங்கம் நடத்தும் போட்டிகளில் கம்ப்யூட்டர் வழியாகவே ஒரு கம்பெனியை நடத்திக் காட்ட வேண்டும். அந்த விளையாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் சாணக்யா!

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு 40 கிலோமீட்டர்தான். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் கர்நாடகா. கிருஷ்ணகிரி, ஓசூர், பர்கூர் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் போட்டிகளுக்கென்று பெங்களூருக்கு பஸ் ஏறும்போது மனசுக்குள் ஒரு பயமும் கூடவே ஏறிக்கொள்கிறது. ‘அவங்க இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவாங்க. நம்மால முடியுமா?’

எனவே போட்டிக்குத் தயாராவது என்றால் கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசிப் பழகுவது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வாத்தியார்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அது சரிதானா? இந்த விளையாட்டு எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

ஐரோப்பாவில், பிரஷ்யா நாடு. 1812. நெப்போலியனிடம் சமீபத்தில்தான் பலமாக அடி வாங்கியிருந்தது அந்த நாடு. ரைஸ்விட்ஸ் என்பவர் போரை மேஜை மேல் விளையாடிப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்து மன்னரிடம் காட்டினார். மன்னருக்கு ஒரே குஷி! ரைஸ்விட்ஸின் மகன் ராணுவ அதிகாரி. அவர் அதை மேலும் செப்பனிட்டு, நிஜமான நில வரைபடங்களின் மேல் ஆடும்படி மாற்றி, 1824-ல் தலைமைத் தளபதியிடம் கொண்டுபோனார். ‘இதென்ன சின்னப்பிள்ளை விளையாட்டு?’ என்கிற முகத்தோடு உட்கார்ந்த தளபதி, ஆட்டம் போகப் போக நிமிர்ந்து உட்கார்ந்தார். இது விளையாட்டே இல்லை, போர்ப் பயிற்சி என்று சொல்லி, படை முழுவதுக்கும் சிபாரிசு செய்தார்.

அப்படி என்ன விசேஷம் அதில்? சதுரங்கத்தில் எதிராளியின் காய்கள் அத்தனையும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். இதில் தெரியாது. ஒரு தளபதிக்கு நிஜப் போரில் எது தெரியுமோ, அது மட்டும்தான் தெரியும். உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்பதை அவர் வெளியிடுகிற துளித்துளி தகவலை வைத்து ஊகிக்க வேண்டும். அதாவது, ஆடுகிறவன் பாதி நேரம் எதிரியின் தலைக்குள் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இருநூறு வருஷக் கதையும் இதையேதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

போர் விளையாட்டு எப்படி வியாபாரத்துக்கு வந்தது? 1860-களில் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் என்பவரின் வணிகக் கல்லூரியில் மாணவர்களுக்கென்று பொம்மை நோட்டு அச்சடித்துக் கொடுத்தார்கள். கல்லூரிக்குள்ளேயே ஒரு பாங்க். ஒருவன் விற்பான், ஒருவன் வாங்குவான், ஒருவன் கேஷியர். 1932-ல் சோவியத் ரஷ்யாவின் லெனின்கிராடில் மேரி பிர்ஷ்டைன் என்ற பெண்மணி ஒரு டைப்ரைட்டர் தொழிற்சாலையையே விளையாட்டாக மாற்றினார். உதிரி பாகம் வரவில்லை, ஆள் வரவில்லை... உற்பத்தி நிற்காமல் எப்படிச் சமாளிப்பாய்? புதிய மேலாளர்களுக்கு அதுதான் பாடம். 1950-களின் நடுவில் அமெரிக்க மேலாண்மைச் சங்கம் ஐ.பி.எம். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, பெரிய முதலாளிகளையே குழு குழுவாகப் போட்டி போட வைத்தது.

இதற்கிடையில் வியன்னாவில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜேக்கப் மொரீனோ என்று ஒரு டாக்டர். 1921, ஏப்ரல் 1-ம் தேதி. ஆமாம், முட்டாள்கள் தினம்தான். ஒரு நாடக அரங்கத்தை வாடகைக்கு எடுத்தார். திரை விலகியது. மேடையில் நடிகர்களும் இல்லை, நாடகமும் இல்லை. ஒரே ஒரு சிம்மாசனம், ஒரு கிரீடம். முதல் உலகப் போரில் தோற்று, மன்னராட்சியும் போய், யார் ஆளப்போகிறார்கள் என்று நாடே விழி பிதுங்கி நின்ற நேரம் அது. ‘யாருக்குத் துணிச்சல் இருக்கிறதோ வாருங்கள், இந்த நாற்காலியில் உட்கார்ந்து ராஜாவாக யோசித்துக் காட்டுங்கள்’ என்றார் பார்வையாளர்களிடம். சிலர் ஏறிப் பார்த்தார்கள். ஒருத்தரும் தேறவில்லை! வந்த கூட்டம் கடுப்போடு வீட்டுக்குப் போனது.

மொரீனோ விடவில்லை. பின்னாளில் அமெரிக்கா போய் இதையே ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார். அதில் அவர் பயன்படுத்திய முக்கியமான உத்தி ரொம்ப எளிமையானது. சண்டை போடுகிற இரண்டு பேரை எழுந்திருக்கச் சொல்வார். நாற்காலி மாறி உட்காரச் சொல்வார். இப்போது கணவன் மனைவியாகப் பேச வேண்டும், மனைவி கணவனாகப் பேச வேண்டும். அவ்வளவுதான். பாதிச் சண்டைக்கு அங்கேயே உயிர் போய்விடும்.

இதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் நார்மன் மேயர். 1950-களில் பிரபலமான அவருடைய ‘புது லாரி’ சிக்கல் இன்றைக்கும் வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. டெலிபோன் கம்பெனியில் பழுது பார்க்கும் குழு. ஒரு மேஸ்திரி, ஐந்து தொழிலாளிகள். ஆளுக்கொரு வண்டி. இப்போது கம்பெனி ஒரே ஒரு புது வண்டி கொடுக்கிறது. யாருக்குத் தருவது?

ஆறு பேருக்கும் தனித்தனிச் சீட்டு. ஒருத்தர் 17 வருஷ சீனியர். இன்னொருத்தருக்குப் புறநகர் வேலை, வண்டி ஓட்டுவதே அதிகம். ஒருத்தர் வண்டிதான் இருப்பதிலேயே படுமோசம், ஏற்கெனவே விபத்தில் சிக்கியது. இன்னொருத்தர் வண்டியின் கதவில் சக ஊழியர் ரிவர்ஸில் வந்து இடித்ததிலிருந்து அது சரியாகவே மூடுவதில்லை. அவரவருக்கு அவரவர் நியாயம். மேஸ்திரிக்கு இந்த உள்விவகாரம் எதுவும் தெரியாது.

மேஸ்திரி தானாகவே நியாயஸ்தர் மாதிரி ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? மற்ற நாலு பேர் முகமும் தொங்கிப்போகும். அவர் வாயை மூடிக்கொண்டு, பேசவிட்டுக் கேட்டால்? பெரும்பாலும் ஒரு அழகான முடிவு வரும். புது வண்டி ஒருவருக்கு. அவருடைய பழைய வண்டி இன்னொருவருக்கு. அவருடையது மூன்றாமவருக்கு. படுமோசமான வண்டி காயலான் கடைக்கு. ஒரு வண்டி வந்ததில் மூன்று நாலு பேருக்கு முன்னேற்றம்!

ஜெயித்த மேஸ்திரி நன்றாகப் பேசினவர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நன்றாகக் கேட்டவர்.

இப்போது ஓசூருக்கு வருவோம். பேச்சுப் போட்டிக்கும் ஓசூருக்கும் சம்பந்தம் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் இந்திய கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி, ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர். ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் மேல்படிப்பு. எல்லை தாண்டிப் போய்ப் படிப்பதும் ஜெயிப்பதும் இந்த மண்ணுக்குப் புதுசில்லை. ஆனால், நான் சொல்ல வந்த பாடம் வேறு. அது ஒரு நகைக்கடைக் கதை.

1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் ஓட ஆரம்பித்தது. அசோக் லேலண்ட் வந்தது. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கைகோத்து டைட்டன் பிறந்தது. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர் அது. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, கடிகாரம் செய்யக் கற்றுக்கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். 1987-ல் கடிகாரங்கள் சந்தைக்கு வந்தன. சாவி கொடுக்கிற வாட்சுகளே கட்டிக்கொண்டிருந்த நாட்டில், குவார்ட்ஸை நம்பி இறங்கி ஜெயித்தார்கள்.

அடுத்து நகைக்கு வந்தார்கள். 1990-களின் நடுவில் தனிஷ்க். தொழிற்சாலை இதே ஓசூரில். முதல் கடை 1996-ல் சென்னை கதீட்ரல் சாலையில். நகைகள் 18 காரட். ஐரோப்பிய பாணியில் கல் பதித்த நேர்த்தியான டிசைன்கள். கடையும் பளபள. வாட்சில் ஜெயித்த கம்பெனி. படித்த நிர்வாகிகள். தோற்க வாய்ப்பே இல்லை அல்லவா?

தோற்றது. வருஷக் கணக்காக நஷ்டம். இழுத்து மூடிவிடலாமா என்று பேசுகிற அளவுக்குப் போயிற்று.

ஏன்? கவுன்ட்டருக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு நகை என்றால் அழகு மட்டும் இல்லை. பெண்ணின் கல்யாணச் சேமிப்பு. ஆத்திர அவசரத்துக்கு அடகு வைக்கிற சொத்து. அந்த அம்மாவுக்கு வேண்டியது 22 காரட். 18 காரட்டை எவ்வளவு அழகான ஆங்கிலத்தில் விளக்கினாலும் அவர் தலையாட்டிவிட்டு, பரம்பரையாகப் போகிற ஆசாரி கடைக்கே போய்விடுவார்.

பிறகு கம்பெனி நாற்காலி மாறி உட்கார்ந்து யோசித்தது. 22 காரட் நகைகளுக்கு வந்தது. அடுத்து, அந்த அம்மாவின் மனதில் எப்போதும் இருந்தும் அவர் வாய் திறந்து கேட்காத கேள்வியைக் கண்டுபிடித்தது. ‘என் கழுத்தில் கிடக்கிற நகை நிஜமாகவே 22 காரட்தானா?’

கடையில் ‘காரட் மீட்டர்’ என்று ஒரு மெஷினை வைத்தார்கள். எக்ஸ்-கதிர் மூலம் சில நிமிடங்களில் தங்கத்தின் சுத்தத்தைச் சொல்லிவிடும். நகையை உரசவோ உருக்கவோ வேண்டாம். பெண்கள் வந்து சோதித்துப் பார்த்தார்கள். 22 என்று நம்பி வாங்கிய பல நகைகள் அதற்குக் கீழே இருந்தன! 19 காரட்டுக்குக் குறையாத நகையைக் கொடுத்து, செய்கூலி மட்டும் தந்து, 22 காரட் நகையாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். பேச்சைவிட அந்த மெஷின் அதிகமாக விற்றது. நஷ்டத்தில் தத்தளித்த பிரிவு பின்னாளில் டைட்டன் கம்பெனியின் வருமானத்தில் பெரும்பங்கைக் கொண்டுவருகிற பிரிவாக வளர்ந்துவிட்டது.

மேஜை விளையாட்டில் பிரஷ்யத் தளபதி கற்றதும், நிஜப் பணத்தை இழந்து ஓசூர்க் கம்பெனி கற்றதும் ஒரே பாடம்தான். எதிரே இருப்பவன் தலைக்குள் போகாமல் பேசாதே.

சரி, போட்டிக்குப் போகிற பிள்ளை என்னதான் செய்ய வேண்டும்?

முதலில், பெங்களூர்க் கல்லூரிகளின் பழைய சீட்டுகளைத் தேடி அலைய வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே அருமையான சீட்டு இருக்கிறது. மாம்பழம்! இங்கே ‘பெங்களூரா’ என்று சொல்கிற மாங்காய் கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. மாங்கூழ் டின்னில் அடைபட்டு வெளிநாடு போகிறது. சீசன் வந்தால் விலைத் தகராறும் வந்துவிடும். கலெக்டர் முன்னிலையில் முத்தரப்புக் கூட்டம் நடந்த செய்திகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். வீட்டிலோ வகுப்பிலோ மூன்று நாற்காலி போடுங்கள். ஒன்றில் விவசாயி, ஒன்றில் ஆலை முதலாளி, ஒன்றில் அதிகாரி.

பேசுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. 1 கிலோ கூழுக்குச் சுமார் 2 கிலோ பழம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழத்தின் விலை கிலோவுக்கு 1 ரூபாய் ஏறினால் கூழின் அடக்கவிலை 2 ரூபாய் ஏறும். வெளிநாட்டுக்காரனிடம் முன்கூட்டியே விலை பேசிவிட்ட முதலாளி அந்த 2 ரூபாய்க்கு எங்கே போவார்? இந்தப் பக்கம் 5 டன் காய்த்திருக்கிற விவசாயிக்கு அதே 1 ரூபாய் என்பது 5,000 ரூபாய். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். அதுவுமில்லாமல், பழம் மரத்தில் காத்திருக்காது. முதலாளியின் டின் காத்திருக்கும். யாருக்கு அவசரம் அதிகம்? இப்போது புரிகிறதா, பேரம் எங்கே இருக்கிறது என்று?

இரண்டாவது, நாற்காலி மாற்றம். விவசாயியாக ஒரு தடவை பேசி முடித்ததும், அதே பிள்ளை எழுந்துபோய் முதலாளியாகப் பேச வேண்டும். தன் வாதத்துக்குத் தானே பதில் சொல்ல வேண்டும். பத்து நாள் கண்ணாடி முன்னால் பேசுவதைவிட இப்படி இரண்டு நாள் பேசினால் போதும்.

மூன்றாவது, அந்த 10 நிமிடம். சீட்டு கைக்கு வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் ‘நான் என்ன பேசப்போகிறேன்’ என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள். முதல் 3 நிமிடம் பேனாவைத் திருப்பிப் பிடியுங்கள். எதிரே இருப்பவர் யார், அவருக்கு என்ன வேண்டும், அவருக்கு என்ன பயம்? மூன்றே வரி. பிறகு உங்களால் கொடுக்க முடிந்தது எது, முடியாதது எது என்று இரண்டு வரி. கடைசியாகத்தான் பேச்சு. அந்தப் பேச்சும் ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கட்டும். ஷூ கடைச் சீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். ‘கடை விதிப்படி...’ என்று ஆரம்பிக்கிறவரைவிட, ‘எங்கே சார் போட்டுட்டுப் போனீங்க? வழியிலேயே பிஞ்சு போச்சா?’ என்று கேட்கிறவரிடம்தான் கோபக்காரர் கொஞ்சம் இறங்கி வருவார்.

இங்கிலீஷ்? வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு வாக்கியம் பிசிறில்லாமல் பேசப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால், அது சட்டையை இஸ்திரி போடுவது மாதிரி. இஸ்திரி போட்ட சட்டையை மட்டும் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள்.

இதில் ஓசூர்ப் பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை அவர்கள் யாருமே கணக்கில் வைப்பதில்லை. காலையில் பூக்காரரிடம் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று வளர்கிற பிள்ளைகள் அவர்கள். எதிரே வருகிற ஆள் யார் என்று அரை நொடியில் பார்த்து, அதற்குத் தக்கபடி நாக்கை மாற்றிக்கொள்கிறார்கள். எதிராளியின் முகத்தைப் படிப்பது என்று மேலாண்மை வகுப்பில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்களே, அதை இவர்கள் சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் சும்மாவே கற்றுவைத்திருக்கிறார்கள். மேடை ஏறியதும் அதை மறந்துவிட்டு, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தைக் கொட்டிவிட்டு வந்தால் நஷ்டம் கோப்பை மட்டும் இல்லை. நாளைக்கு அதே பிள்ளை சிப்காட்டில் இன்டர்வியூவுக்குப் போகும். பாங்க்கில் கடன் கேட்கப் போகும். தன் நிலத்துப் பழத்துக்கு விலை பேசப் போகும். அங்கே நடுவரும் கிடையாது, மறுபடி ஆடவும் முடியாது.

அதனால், உங்கள் பெண்ணோ பையனோ இந்த மாதிரிப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். நீங்கள்தான் வாடிக்கையாளர். நன்றாகக் கோபப்படுங்கள், பில்லைத் தொலையுங்கள், ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரம் கழித்து எழுந்து இடம் மாறுங்கள். இப்போது உங்கள் பிள்ளை கோபப்படட்டும். கடைக்காரராக நீங்கள் பதில் சொல்லிப் பாருங்கள்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்!